நாடே அழுத ரெண்டு வார்த்தை

"பெரியம்மா சொல்லு."

"பெரிம்மா."

"முழுசா சொல்லுடி."

"பெரியம்மா. இப்ப சரியா, அம்மா?"

தலையில் அடித்துக்கொண்டேன். அவள் கையில் கொடுத்திருந்த சிவப்புப் பொத்தானைத் திரும்பப் பிடுங்கி டப்பாவில் போட்டேன். எங்களுக்குள் அதுதான் ஒப்பந்தம். என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டால் ஒரு பொத்தான் உண்டு. அவளே பொறுக்கி எடுத்து நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். வாய் தவறி அம்மா என்று வந்துவிட்டால் ஒரு பொத்தானைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நான் தையல்காரி. என் வீட்டில் எதற்கு வேண்டுமானாலும் பஞ்சம் வரும், பொத்தானுக்கு வராது.

குட்டி என் தங்கை பெற்ற பிள்ளை. அவள் சுவரைப் பிடித்து நடக்கப் பழகிய சமயத்தில் சின்னவள், அதாவது என் தங்கை, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இப்போது குட்டி ஒன்றாம் வகுப்பு. சோறு போடுகிறவள், பேன் பார்க்கிறவள், காய்ச்சல் வந்தால் கூடப் படுத்துக்கொள்கிறவள் யாரோ, அவள்தான் பிள்ளைக்கு அம்மா. மத்தியானத்தில் செல்போனுக்குள் வந்து சிரிக்கிறவள் 'போன் அம்மா'. அந்தப் பேரை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளை தானாகவே வைத்துக்கொண்டது.

பள்ளிக்கூட லீவுக்குச் சின்னவள் வருவதாக இருந்தது. போனதிலிருந்து இதுதான் முதல் தடவை. ரெண்டு மாசம் இருந்துவிட்டுத் திரும்பிப் போவாள். அவ்வளவு தூரம் பறந்து வந்து வாசலில் நிற்கும்போது, பெற்ற பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னை அம்மா என்று கூப்பிட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்? அதைக் கேட்கவா இத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டுக் கழிப்பறையைத் தேய்த்தாள்? அதற்காகத்தான் இந்தப் பொத்தான் பாடம். சின்னவளுக்கு இது தெரியக் கூடாது என்று குட்டியிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன்.

வருகிறவளுக்கு ஒரு சட்டை தைத்து வைக்கலாம் என்று எனக்கு ஆசை. அளவுக்கு எங்கே போவது? அங்கே அவளிடம் டேப் இல்லை. ஒரு நூலால் உடம்பைச் சுற்றி, அதைத் தரை டைல்ஸ் மேல் நீட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணேகால் கல்லு வருது அக்கா," என்றாள். "கல்லு எவ்வளவுடி?" என்றேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கடைசியில் அவள் அங்கே ஒரு ஏ4 தாளை வைத்து அளந்து சொல்ல, அதே மாதிரித் தாளை நான் இங்கே டேப்பால் அளந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தோம். இடுப்பு அளவு வந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடி அளக்கச் சொன்னேன். அதேதான் வந்தது. போனில் முகம் மட்டும்தானே தெரியும்? அந்த முகத்தை அவள் எப்போதும் கழுவித் துடைத்து, தலை வாரித்தான் காட்டுவாள்.

"அங்க சோறு போடறாங்களா இல்லையாடி?"

"நல்லாத்தான் போடறாங்க. நீ துணி வெட்டற வேலையைப் பாரு."

வெட்டினேன். பின்னால் பிரித்துவிட வசதியாக உள்ளே ரெண்டு விரல் துணி விட்டே தைத்தேன். இங்கே வந்தால் உடம்பு தேறிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

இனி மாப்பிள்ளை கதைக்கு வருகிறேன். சின்னவள் புருஷன். எங்கள் வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை. எனக்கென்று வாய்த்தவனும் ஒருத்தன் இருந்தான், அவன் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவன் இன்னும் கடையில்தான் இருக்கிறான். அதை விடுங்கள். இந்த மாப்பிள்ளை லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறையை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் மூட்டை தூக்கினார், வண்டி கழுவினார், எதுவும் நிலைக்கவில்லை. வேலை இல்லாத நாளில் என் தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நாட்டு நடப்பு பேசுவார். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குடிக்க மாட்டார். பெண்டாட்டி அனுப்புகிற பணத்தில் ஒரு பீடிகூட வாங்க மாட்டார். அவளைப் பிரிந்திருப்பது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அதற்குப் பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது.

அந்த நேரம் பார்த்து நாட்டில் ஒரு சர்ச்சை கிளம்பியது. நம் நாட்டுப் பெண்கள் வெளிநாட்டு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பது தேசத்துக்கே அவமானம், அவர்கள் போவதைத் தடை செய்ய வேண்டும் என்று ஒரு கட்சி. அவர்கள் அனுப்புகிற பணம் நின்றால் நாடு எண்ணெய் வாங்கக்கூட வக்கில்லாமல் நிற்கும் என்று எதிர்க் கட்சி. பேப்பரைப் பிரித்தால் அது, டீவியைப் போட்டால் அது. இந்தப் பக்கம் பேசினவர்களும் ஆம்பிளைகள், அந்தப் பக்கம் பேசினவர்களும் ஆம்பிளைகள். எவன் வீட்டிலிருந்தும் எவளும் பாத்திரம் தேய்க்கப் போகவில்லை.

'குடும்ப மீட்பு முன்னணி' என்று எங்கள் பக்கத்தில் ஒரு சங்கம் முளைத்தது. அதற்கு ஒரு செயலாளர். கசங்காத வெள்ளைச் சட்டை, மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற குரல். அவர் கண்ணில் மாப்பிள்ளை பட்டுவிட்டார். பெண்டாட்டியைப் பிரிந்த புருஷன், கைக்குழந்தையிலேயே தாயைப் பிரிந்த பிள்ளை. இதைவிட அவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? தெருமுனைக் கூட்டத்தில் முதலில் ரெண்டு நிமிஷம் பேச விட்டார்கள். அப்புறம் பத்து நிமிஷம். "இனி நம் பெண் ஒருத்தியும் அந்த விமானத்தில் ஏறக் கூடாது!" என்று இவர் கத்தினால் கூட்டம் கைதட்டியது. பட்டறை மூடினதிலிருந்து அந்த மனுஷனுக்கு யாரும் கைதட்டினதில்லை. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நானும் பார்த்தேன்.

ஒரு நாள் ஜிப் தைத்துக்கொண்டே கேட்டேன். "மாப்பிள்ளை, தடை வந்துடுச்சுன்னா, லீவுக்கு வர்றவ எப்படித் திரும்பிப் போவா?"

"ஏன் அக்கா திரும்பிப் போகணும்? அதுக்குத்தானே இந்தப் போராட்டமே! வர்றவங்களுக்கு இங்கயே வேலை குடுக்கப் போறாங்க. செயலாளர் தன் வாயால சொன்னாரு."

"என்ன வேலை?"

"அதெல்லாம் திட்டத்துல இருக்கு."

"அப்ப முதல்ல உங்களுக்கு ஒரு வேலை குடுக்கச் சொல்லுங்க. அது நடக்குதான்னு பாத்துட்டு அவளைப் பத்திப் பேசலாம்."

அவர் முகம் சுண்டிப் போனது. ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் கேட்டது தப்பு என்று இன்றுவரை தோன்றவில்லை.

அடுத்த வாரம் செயலாளரே வீட்டுக்கு வந்துவிட்டார். டீவியில் பெரிய விவாதம், குடும்பத்தோடு வர வேண்டும், குழந்தை கட்டாயம் வர வேண்டும் என்றார். நான் போயிருக்கவே மாட்டேன். ஆனால் குட்டியை மாப்பிள்ளையோடு தனியாக அனுப்பினால், அவளுக்கு ஒண்ணுக்கு வந்தால்கூட அந்த மனுஷனுக்குத் தெரியாது. மேடையில் பேசிக்கொண்டே இருப்பார். அதனால் கிளம்பினேன்.

ஸ்டூடியோ என்றால் என்னமோ என்று நினைத்திருந்தேன். வெளியே பார்த்தால் குடோன். உள்ளே எலும்பு வரை குளிர். எங்களை வரிசையாக உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டின ஒரு பெண் கைதட்டக் கற்றுக் கொடுத்தாள். அவள் கையைத் தூக்கினால் தட்ட வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். இத்தனை வயசுக்கு மேல் எனக்கு அந்தப் படிப்பும் வாய்த்தது. நிகழ்ச்சி நடத்துகிறவர் வந்தார். முன்னால் பார்த்தால் அவர் கோட்டு உடம்போடு ஒட்டித் தைத்தது போல இருந்தது. பின்னால் திரும்பினார், தொளதொளவென்ற துணியை இழுத்துப் பிடித்து முதுகு பூராவும் கிளிப்பு போட்டிருந்தார்கள். ஒரு ஓரத் தையல் போட்டால் தீர்ந்துபோகிற விஷயம். கேமரா பின்னால் போகாது என்கிற தைரியம்.

பேச்சு ஆரம்பித்தது. ஒரு பேராசிரியர், கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே இருந்தார்.

"உணர்ச்சி வேற, பொருளாதாரம் வேற. பெண் தொழிலாளர் ஏற்றுமதியை நிறுத்தினா நாட்டோட இறக்குமதிக்கே பணம் இருக்காது," என்றார்.

ஏற்றுமதியாம்! என் தங்கை என்ன வெங்காய மூட்டையா?

எதிரே உட்கார்ந்திருந்த கட்சிக்காரர் மேஜையைத் தட்டினார். "மானத்தை வித்துச் சாப்பிடச் சொல்றீங்களா? பசியில கிடந்தாலும் பரவாயில்ல, நம்ம பெண்கள் நம்ம மண்ணுல கிடக்கட்டும்!"

யார் பசியில் கிடப்பது? இவரா? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளுக்கு அங்கே வயிறு நிறையச் சோறு கிடைக்கிறதா, படுக்கிற அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா என்று இந்த ரெண்டு பேரில் ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கையைத் தூக்கினேன். ஹெட்போன் பெண் ஓடி வந்து, "ஆடியன்ஸ் கேள்வி அப்புறம்மா," என்று என் கையைப் பிடித்து இறக்கி வைத்தாள். அந்த அப்புறம் கடைசி வரைக்கும் வரவே இல்லை.

மாப்பிள்ளையைப் பேசச் சொன்னார்கள். நன்றாகத்தான் பேசினார், குரல் தழுதழுத்தது. "என் பிள்ளைக்கு அம்மான்னா போன்ல தெரியற ஒரு படம்தான் சார்," என்றார். அது நடிப்பு இல்லை.

நடத்துகிறவர் குட்டி முன்னால் வந்து குனிந்தார். "பாப்பா, உனக்கு எது வேணும்? அம்மா அனுப்பற பொம்மையா, அம்மாவா?"

குட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்தாள். "அம்மா இதோ இருக்காங்களே," என்று விரலை நீட்டி என்னைக் காட்டினாள்.

"கட், கட்!" என்று கத்தினாள் ஹெட்போன் பெண். "அம்மா இல்லைங்க, பெரியம்மா," என்று மாப்பிள்ளை எழுந்து விளக்கம் சொன்னார். செயலாளர் ஓடி வந்து நடத்துகிறவர் காதில் ஏதோ சொன்னார். நடத்துகிறவர் தலையாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் வந்துடுங்கம்மா. குழந்தை குழம்பிப் போகுது," என்று அந்தப் பெண் என் தோளைப் பிடித்துக் கேமராவுக்குப் பின்னால் இருட்டில் நிறுத்தினாள். மறுபடி விளக்கைப் போட்டார்கள். அதே கேள்வியை அவர் மறுபடி கேட்டார். குட்டி பதில் சொல்லத் திரும்பினாள். பக்கத்து நாற்காலி காலி. முகத்துக்கு நேரே அத்தனை விளக்கு, பிள்ளைக்குக் கண் கூசியது, என்னைத் தேடினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"அம்மா வேணும்," என்றாள். அப்புறம் வீறிட்டு, "அம்மா வேணும்! அம்மா வேணும்!"

கேமரா அவள் முகத்துக்குக் கிட்டே போனது. கட்சிக்காரர் கைக்குட்டையை எடுத்தார். ஹெட்போன் பெண் கையைத் தூக்கினாள், சனங்கள் தட்டினார்கள். நான் வயர் தடுக்கி விழப் போய், எழுந்து ஓடி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எங்க போன நீ?" என்று கேட்டாள். அதை அவர்கள் படம் பிடிக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் ஊருக்கே தெரியுமே. பிள்ளை அழுத அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து நாடு முழுக்க அனுப்பினார்கள். ஒவ்வொரு செல்போனிலும் குட்டி அழுதாள். துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் அளவு சொல்வதை விட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினார்கள். 'அந்தக் குழந்தையின் ரெண்டு வார்த்தை இந்த அரசாங்கத்தின் காதில் விழாதா?' என்று பேப்பரில் எழுதினார்கள். மந்திரி ஒருத்தர் சபையில் அந்த வார்த்தையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். பிள்ளை யாரைத் தேடி அழுதது என்பது அவளுக்கும் எனக்கும்தான் தெரியும்.

மத்தியானம் சின்னவள் கூப்பிட்டாள். அங்கே வீட்டம்மா தூங்குகிற நேரம், குரலை அடக்கித்தான் பேசுவாள். அன்றைக்கு அடக்க முடியவில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே புரியவில்லை.

"அக்கா, பாத்தியா? என்னைத் தேடறா அக்கா! மறந்திருப்பாளோ மறந்திருப்பாளோன்னு பயந்துட்டே இருந்தேன்."

"பெத்தவளை எந்தப் பிள்ளை மறக்கும்? பைத்தியக்காரி," என்றேன்.

வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு ஸ்டூடியோவில் பிள்ளை என்னைத் தேடி அழுதபோது என் நெஞ்சில் ஒரு ஓரம் குளிர்ந்தது. அந்த ஓரத்தைச் செருப்பாலேயே அடிக்க வேண்டும் போல இருந்தது. அன்று சாயங்காலம் பொத்தான் பாடத்தை ரெண்டு மடங்காக்கினேன். குட்டி கெட்டிக்காரி. கொஞ்ச நாளில் தூக்கத்தில் கேட்டால்கூடப் பெரியம்மா என்றுதான் சொன்னாள். கழுத்து மாலை தொப்புள் வரைக்கும் நீண்டது.

சட்டம் வந்தது. எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள், இனிப்பு கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு மாலை போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து தெருப் பையன்களுக்கு அவர் 'தலைவர்'. வீட்டு வேலைக்காக இனி எந்தப் பெண்ணும் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. ஏற்கனவே அங்கே இருக்கிறவர்களுக்கு என்ன? பேப்பரில் தேடிப் படித்தேன். கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி. 'தாயகம் திரும்ப அவர்கள் ஊக்குவிக்கப்படுவார்கள்.'

"ஊக்குவிக்கறதுன்னா என்ன மாப்பிள்ளை?"

"உற்சாகப்படுத்தறது அக்கா," என்றார், மாலையைக் கழற்றாமலே. அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

சின்னவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வாரமே கூப்பிட்டாள். முகத்தைக் காட்டவில்லை, குரல் மட்டும்.

"அக்கா, டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டேன்."

எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. "என்னடி சொல்ற?"

"பக்கத்து வீட்டுல வேலை பாத்தவ லீவுல போயிருந்தா. திரும்பி வரும்போது நம்ம ஊரு ஏர்போர்ட்டுலயே நிறுத்திட்டாங்களாம். 'சட்டம் தெரியாதா, வீட்டுக்குப் போ'ன்னு அனுப்பிட்டாங்களாம். நானும் வந்தா அதே கதிதான். அப்புறம் அடுப்பு எப்படி எரியும், சொல்லு. நீ ஒருத்தி மெஷினை மிதிச்சு எல்லார் வயித்தையும் ரொப்புவியா?"

"ரொப்பறேன், நீ வா," என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. பொய் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை, ஆனால் அவளிடம் அந்தப் பொய் செல்லாது.

"இங்க வீட்டம்மாவும் உஷாராயிட்டா அக்கா. உங்க நாட்டுலேர்ந்து இனிமே வேற ஆளு வராது, அதனால நீ லீவுன்னு வாயே திறக்காதேன்னு சொல்லிட்டா. பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வெச்சிருக்கா." குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். "அவர்கிட்ட நீயே சொல்லிடு. திட்டாதே. அன்னிக்கு டீவியில எவ்வளவு நல்லா பேசினாரு!"

திட்டத்தான் நினைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட மனுஷனை வேறு என்ன செய்வது? ஆனால் சொன்னதும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வரவழைக்கத்தானே அக்கா கத்தினேன்? வரவழைக்கத்தானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். செயலாளரிடம் போய் ஒரு வழி பண்ணாமல் விடமாட்டேன் என்றார். தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் கூடப் போனேன்.

சங்க ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே செயலாளர் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் சுவரில் என் குட்டி, வாயைத் திறந்து அழுதபடி, கண்ணாடிச் சட்டத்துக்குள்.

"உங்க கஷ்டம் புரியுது தலைவரே," என்றார் செயலாளர். "ஆனா சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். உங்க மனைவிக்கு மட்டும் விலக்கு கேட்டா போராட்டத்துக்கே அசிங்கம். அவங்க துணிஞ்சு வந்துடட்டும். பெரிய வரவேற்பு குடுப்போம்."

"வரவேற்பை ஆக்கித் தின்ன முடியுமாங்க?" என்றேன்.

"திட்டம் வருதும்மா. பொறுமையா இருங்க."

மேடையில் அப்படி முழங்கிய மாப்பிள்ளையின் வாய், அங்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப முதல்ல என் பிள்ளை படத்தைச் சுவத்துலேர்ந்து கழட்டுங்க!" என்றேன்.

செயலாளர் நிதானமாகச் சிரித்தார். "அது உங்க பிள்ளை இல்லையேம்மா. தங்கச்சி பிள்ளைதானே?"

அந்த ஆள் அத்தனை நாள் பேசினதில் உண்மை அது ஒன்றுதான். மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பி வருகிற வழியில் டீவிக் கடை வாசலில் கூட்டம். எல்லாப் பெட்டியிலும் ஒரே மந்திரி. வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரிகள் அனுப்பிய பணம் இதுவரை இல்லாத அளவுக்கு உயர்ந்துவிட்டது, இது அவர்கள் தாய்நாட்டின் மேல் வைத்த பாசத்துக்குச் சாட்சி என்றார். பாசமாம்! டிக்கெட்டுக்கென்று எடுத்து வைத்ததை, பிள்ளைகளுக்குச் சாமான் வாங்க வைத்ததை, வர முடியாதவள் வேறு என்ன செய்வாள்? எங்கள் வீட்டுக்கும் அந்த மாசம் பணம் கூடுதலாகத்தான் வந்திருந்தது. மந்திரிக்குப் பக்கத்தில் அந்தப் பேராசிரியரும் கட்சிக்காரரும் உட்கார்ந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒருத்தருக்கு மானம் கிடைத்தது, ஒருத்தருக்குப் பணம் கிடைத்தது. நான் காறித் துப்பிவிட்டு நடந்தேன்.

பள்ளிக்கூட லீவு ஆரம்பித்த அன்று மத்தியானம் சின்னவள் கூப்பிட்டாள். நான் கை வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மெஷின் மேல் வைத்தேன். அவளுக்குத் தைத்த சட்டை எதிரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதை அவளே சொல்லட்டும் என்று குட்டியைக் கூப்பிட்டேன்.

"குட்டி, அம்மா இப்ப வரலடா," என்றாள் சின்னவள். "இங்க நிறைய வேலை. அப்புறமா வர்றேன்."

"அப்புறம்னா எப்ப?"

"கொஞ்ச நாள் ஆகும் கண்ணு."

குட்டி அழவில்லை. அப்புறம் கழுத்திலிருந்த பொத்தான் மாலையைத் தலை வழியாகக் கழற்றினாள். முடியில் சிக்கியது, பிய்த்து எடுத்தாள். மெஷின் பலகையில் எனக்கு முன்னால் மொத்தமாக வைத்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ."

"ஏன்டி? என்ன ஆச்சு?"

"போன் அம்மாதான் வரலையே. இனிமே உன்னை அம்மான்னே கூப்பிடட்டுமா?"

நான் பாய்ந்து போனை அணைக்கப் போனேன். நூல்கண்டு உருண்டு விழுந்ததுதான் மிச்சம். ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"சின்னவளே, பிள்ளை தெரியாம..." என்று ஆரம்பித்தேன்.

"கூப்பிடட்டும் அக்கா," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பொத்தான் விஷயம் எனக்கு எப்பவோ தெரியும். நீ குளிக்கப் போனப்ப ரகசியமாச் சொல்லிட்டா. அன்னிக்கு டீவியில யாரைத் தேடினான்னும் அவளே அப்புறம் சொன்னா."

நான் குனிந்து, உருண்டு போன நூல்கண்டைத் தேடி எடுத்தேன்.

"அந்தப் பொத்தானை மட்டும் திருப்பி வாங்காதே அக்கா. பாவம், எனக்காகச் சேத்தது."

உள்ளே யாரோ மணி அடித்து அவளைக் கூப்பிட்டார்கள். வர்றேன் என்று அந்த ஊர் பாஷையில் குரல் கொடுத்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.